வெள்ளைக் காதுக் குட்டிக்கு ஒரு ரசீது

கேளுங்கள், ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இது மூன்று பேர் பொய் சொன்ன கதை. பொன்மலையில் பேன்ட் தைக்கும் மருதையன், அவர் மனைவி வேதவல்லி, அவள் தங்கை கோசலை. நான்காவதாக ஒருவனும் பொய் சொன்னான். அந்தப் பாழாய்ப்போனவன் நடுவில் வருவான்.

வேதவல்லி முப்பது வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தவள். எந்த மூட்டை எந்த ஊர் வழியாக வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாமான் வாங்க வருகிறவர்களிடம் கறாராகச் சொல்வாள்: "பிரிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு எழுதிட்டா, அப்புறம் யார் மேலயும் குறை சொல்லிக்கிட்டு வரக்கூடாது." மருதையனுக்கோ மெட்ராஸுக்கு அப்பால் ரயில் எங்கே போகிறது என்றே தெரியாது.

பிள்ளையில்லாத அந்த வீட்டில் பதிமூன்று வருஷம் ஒரு நாய் இருந்தது. பெயர் செவலை. இடது காது மட்டும் வெள்ளை. வேதவல்லிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட அதே மாதத்தில் செவலையும் செத்துப்போயிற்று. டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். சாப்பாடு எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செவலை மாதிரி ஒரு குட்டியைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுக்கணும்ங்க. அது போதும்."

மனிதர் தெருத்தெருவாக அலைந்தார். கடைசியில் போனில் ஒரு படம் கண்ணில் பட்டது. அதே செம்மண் நிறம், அதே வெள்ளைக் காது! விற்பவன் டெல்லியில் இருந்தான். விலையைக் கட்டினார். "ரயில்ல ஏத்தியாச்சு சார்" என்றான். பிறகு கூண்டுக்கு என்றான். தடுப்பூசிக்கு என்றான். "குட்டிக்கு மூச்சு முட்டுது, வேற பெட்டிக்கு மாத்தணும், இல்லேன்னா செத்துடும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக மருதையன் தன் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினை விற்றுப் பணம் அனுப்பினார். இதில் எதையும் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. குட்டி ரயிலேறிவிட்டது என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் நம்பர் செத்துப்போயிற்று. திங்கட்கிழமை காலையில் போலீஸில் புகார் கொடுக்கப் போனார். அங்கே இருந்த பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதே படத்தோட நீங்க ஆறாவது ஆள். குட்டியே கிடையாது" என்றாள். வரும் வழியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனிதர் வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வேதவல்லி கேட்டாள்: "என்னங்க, குட்டி எங்க வந்திட்டிருக்கு?"

அவர் போனைப் பார்த்து வாசிப்பதுபோல, "நாக்பூர்" என்றார். அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. செவ்வாய்க்கிழமை, "விஜயவாடா" என்றார். புதன்கிழமை, எப்போதோ அவள் வாயால் கேட்ட ஊர்ப் பெயர் ஒன்று ஞாபகம் வர, "பல்லார்ஷா" என்றார்.

"பல்லார்ஷாவா?" வேதவல்லி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சரி, வரட்டும். நீங்க சாப்பிட்டீங்களா?"

அதன்பின் அவள் எந்த ஊர் என்று கேட்கவேயில்லை. ஆனால் இனி என்ன செய்வது என்று மருதையன் கோசலையிடம் போய் உடைந்துவிட்டார். "அழாதீங்க மாமா, நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள். சனிக்கிழமையன்று, சந்தைக்குப் பின்னால் சாக்கடையோரம் கிடந்த ஒரு செம்மண் நிறக் குட்டியைத் தூக்கிவந்து குளிப்பாட்டி, இடது காதில் முகப்பவுடரை அப்பினாள்.

"அக்கா, வந்துருச்சு பாரு!"

வேதவல்லி குட்டியை வாங்கி அந்தக் காதை நீவினாள். விரலெல்லாம் வெள்ளை. விரலைத் தலையணைக்கு அடியில் துடைத்துக்கொண்டு, "பாவம், எவ்வளவு தூரம் வந்திருக்கு! சொன்ன மாதிரி கொண்டாந்து சேர்த்துட்டீங்களேங்க" என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் அந்தக் குட்டி அவள் கக்கத்திலேயே தூங்கியது. மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

படுக்கையை எடுக்கும்போது தலையணை உறைக்குள் ஒரு சீட்டு கிடைத்தது. அவள் கையெழுத்துத்தான்: அனுப்பியவர், மருதையன். பொருள் என்ற இடத்தில் வெறும் கோடு. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். வேதவல்லி.' கீழே தேதி.

மருதையன் காலண்டரைப் பார்த்தார். அந்தத் தேதி புதன்கிழமை. "குட்டி சனிக்கிழமைதானேம்மா வந்துச்சு?" என்று கோசலையைக் கேட்டார். "ஆமா மாமா" என்று அவள் சீட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஊர் ஊராகப் பொய் சொன்ன கணவர், பவுடர் பூசிய தங்கை, எல்லாம் ஏற்றுக்கொண்டு போன மனைவி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: டெல்லியிலிருந்து வரும் வண்டி முதலில் பல்லார்ஷாவைத் தாண்டித்தான் விஜயவாடாவுக்கு வரும். பார்சல்காரிக்கு இது தெரியாதா? குட்டி இல்லை என்பது அவளுக்குப் புதன்கிழமையே தெரிந்துவிட்டது. வராத பொருளுக்கு அவள் கையெழுத்துப் போட்டது, அவர் தன்மேல் தானே குறை சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்பதற்காக. ஆகவே அவள் செய்ததே சரி என்பேன் நான். மருதையன் ஒப்புக்கொள்ளமாட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு அவளுடைய பழைய ஆபீஸுக்குப் போய், ஊர்களின் வரிசையை விசாரித்துத் தெரிந்துகொண்டவர் அவர். "தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கடைசி நாலஞ்சு நாள் அவ மடியில படுத்து அழுதிருப்பேனே" என்கிறார். பவுடர் போய், இரண்டு காதும் செம்மண் நிறமாக, குட்டி இப்போதும் அவருடைய தையல் மெஷினுக்கு அடியில்தான் படுத்துக்கிடக்கிறது. அதற்குப் பல்லார்ஷா என்று பெயர் வைத்திருக்கிறார்.