காப்பில் தீட்டிய கத்தி

“தொட்டியில திருட்டுத்தனமா எதையோ முக்குனது நீதான்டா! இல்லேன்னா யாருன்னு இப்பவே காட்டு. காட்டலேன்னா வேலையை விட்டுப் போ!” என்று கத்தினார் மேனேஜர் வரதராஜுலு.

தொட்டி வேலை பார்க்கும் சகாயம் நிமிர்ந்தான். அது அரம் செய்கிற பட்டறை. தொட்டியில் நிக்கல் கரைசலோடு வைரத்தூளும் சுழலும். கரண்ட் விட்டால் உள்ளே தொங்குகிற இரும்பில் நிக்கல் படியும், தூளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நேற்று யாரோ சொந்தப் பொருளையும் கூடவே தொங்கவிட்டதில் அரங்களெல்லாம் திட்டுத்திட்டாகப் பூச்சு ஏறி வீணாகிவிட்டன.

முதலாளியம்மாவும் வந்து நின்றார்.

சகாயம் மேனேஜரின் கையைப் பார்த்தான். புதுக் காப்பு. அது உரசிய இடத்தில் தோல் சிவந்து, சட்டைக்கை நார்நாராகப் பிரிந்திருந்தது.

“காப்பு ஜோரா இருக்கே சார். எங்க வாங்குனீங்க?”

“துபாய் வெள்ளிடா.”

“ஒரு தடவ தொட்டுப் பாக்கவா சார்?”

முதலாளியம்மா முன்னால் பெருமையை விடுவாரா? கழற்றிக் கொடுத்தார்.

சகாயம் கேன்டீன் பாக்கியம் அக்காவின் மொக்கைக் கத்தியை வாங்கி, காப்பில் நாலு இழுப்பு இழுத்தான். தக்காளி மேல் வைத்ததும் அது இரண்டாக விழுந்தது.

“பளபளப்பு வேணும்னா தூள் போடாத பக்கத்துத் தொட்டி சார். இது அரத் தொட்டி.”

பட்டறையே சிரித்தது. “மேனேஜர், ரூமுக்கு வாங்க. சகாயம், நீ வேலையைப் பாருப்பா” என்றார் முதலாளியம்மா. அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

போகிற போக்கில் மேனேஜர் பல்லைக் கடித்தார்: “காப்பை என் மேஜையில வெச்சுடு.”

காப்பு இப்போது கேன்டீன் ஆணியில் தொங்குகிறது. பாக்கியம் அக்கா தினமும் அதில்தான் கத்தி தீட்டுகிறார். மேஜையில் மட்டும் சகாயம் வைக்கவே இல்லை.