பதினேழாம் எண் மடக்குக்கத்திகள்

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்றுவரை வருந்திக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் கதைதான் இது.

தூத்துக்குடியில் பிரிட்டோ என்றொரு கப்பல் இன்ஜினியர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் மடக்குக்கத்தி. போகிற துறைமுகத்தில் எல்லாம் தேடி அலைந்து வாங்குவார். வாங்கிய கத்தியால் ஒரு எலுமிச்சம்பழம்கூட வெட்ட மாட்டார். சேகரிப்பவர்களின் நியாயம் அப்படி. வெட்டிய கத்தி அவர்களுக்கு வெறும் கத்தி. அலகில் எண் பொறித்திருக்க வேண்டும், பெட்டியின் முத்திரைத்தாள் கிழியாமல் இருக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு பட்டறை ஐம்பது எண்கள் மட்டும் போட்டு ஒரு மடக்குக்கத்தியை வெளியிட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கத்திகள். பிடி ஒன்றுபோல, பெட்டி ஒன்றுபோல. அலகின் எஃகு மட்டும் வேறு. ஒன்று துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ். அடுத்தது துருவை ஓரளவு தாங்கும் டூல் ஸ்டீல். மூன்றாவது கார்பன் ஸ்டீல்; கூர்மையில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, ஆனால் ஈரக்கை பட்டாலே சிவந்துவிடும். ஒரே எண்ணில் மூன்றும் கிடைப்பது குதிரைக்கொம்பு. பதினேழாம் எண்ணில் மூன்றையும் சேர்க்க பிரிட்டோவுக்கு ஆறு வருஷம் ஆனது.

வீட்டு மாடியை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கப்பலுக்கு அழைப்பு வந்தது. நாலு மாதம்தான் என்றார்கள். கொத்தனாரும் தச்சரும் புழங்கும் வீட்டில் விட்டுப்போக மனமில்லாமல், பெட்டிகளை மூன்று பேரிடம் ஒப்படைத்தார். ஸ்டெயின்லெஸ் கத்தி கோவில்பட்டி நண்பர் காசிராஜனிடம் போனது. டூல் ஸ்டீல், கடற்கரை ஓரம் குடியிருந்த மனைவியின் தம்பி அமலனிடம். இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இந்தப் பெட்டி, குடுத்தது குடுத்தபடி என் கைக்கு வரணும்."

கார்பன் ஸ்டீல்தான் அவருக்கு உயிர். அதைத் தையல்கடை வைத்திருந்த தங்கை ஜசிந்தாவிடம் கொடுத்தார். அவள் மட்டும்தான் கேட்டாள்:

"உள்ள என்னண்ணே?"

"கத்தி. இந்தக் கத்தி குடுத்தது குடுத்தபடி என் கைக்கு வரணும், ஜசி."

எந்தப் பெட்டியில் என்ன எஃகு என்று யாரிடமும் சொல்லவில்லை. முத்திரைத்தாளைப் பிரிக்காதே என்றும் சொல்லவில்லை. சோற்றை வாயால் சாப்பிடு என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

நாலு மாதம் பதினெட்டு மாதமாக இழுத்துவிட்டது. பட்டறையில் அலகுக்குப் பூசி அனுப்பும் எண்ணெய் உப்புக்காற்றில் ஆறு மாதம் தாங்கினால் பெரிது. இது பிரிட்டோவுக்குத் தெரியும். நடுக்கடலில் இரண்டொரு முறை நினைவுக்கும் வந்தது. பெட்டி இறுக்கமான பெட்டி, ஒன்றும் ஆகாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் சாப்பிட அழைத்தார். காசிராஜன் பெட்டியைக் கொண்டுவந்தார்; வைத்தது வைத்தபடி இருந்தது. "மாதா படத்துக்குக் கீழ வச்சேன் அத்தான். தூசி தட்டக்கூட தொடல" என்று அமலன் நீட்டினான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஜசிந்தாவின் பெட்டி திறந்திருந்தது. முத்திரைத்தாளைக் கிழியாமல் நறுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியாக வைத்திருந்தாள்.

"நீ போன எட்டாம் மாசம் பெட்டி மூலையில செவப்பா கசிஞ்சுதுண்ணே. ரெண்டு வாரம் உனக்கு அடிச்சுப் பாத்தேன், லைன் கிடைக்கல. அப்புறம்தான் பிரிச்சுத் தொடச்சு மெஷின் எண்ணெய் போட்டேன். வாராவாரம் தொடச்சு வச்சேன். ஒண்ணையும் வெட்டல."

அலகு பளபளவென்று இருந்தது. பதினேழு என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. பிரிட்டோ அலகைப் பார்க்கவில்லை. நறுக்கிய தாளைத்தான் பார்த்தார்.

"கத்தரிக்கோல் பிடிச்ச கைல்லா. சும்மா இருக்குமா?" என்றார், அத்தனை பேர் முன்னிலையில். அவருடைய கல்யாணச் சட்டையைத் தைத்ததும் அதே கைதான்.

ஜசிந்தா "சரிண்ணே" என்றாள். கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் பெங்களூரில் சேகரிப்பாளர்கள் கூடினார்கள். பிரிட்டோ கொண்டுபோன பெட்டிகளில் அமலனிடம் இருந்ததைக் கையில் வாங்கிய ஒருவர் அடிப்பக்கத்தைக் காட்டினார். சின்னதாக ஒரு பழுப்புக் கறை. பிரிட்டோ அங்கேயே முத்திரையை உடைத்தார். கத்தி விரிய மறுத்தது. நெம்பி விரித்தபோது, அலகில் பொறித்த 17-இல் 1 மட்டும் மிஞ்சியிருந்தது. 7-ஐத் துரு தின்றிருந்தது.

இப்போது சொல்லுங்கள். மூவரில் வாக்கைக் காப்பாற்றியவர் யார்?

விடை: மூவரும்தான். ஆண்கள் இருவரிடமும் பிரிட்டோ கேட்டது பெட்டி. பெட்டி அப்படியே வந்தது. காசிராஜனுக்குச் சோதனையே இல்லை, எஃகு பார்த்துக்கொண்டது. அமலனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. தங்கையிடம் கேட்டது கத்தி. பெட்டியைக் கெடுத்தாவது அதைக் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள். எஃகின் குணமும் எண்ணெயின் ஆயுளும் தெரிந்திருந்தும் வாயைத் திறக்காத பிரிட்டோதான் தவறியவர். இந்த விடையை, ஊர் திரும்பும் ரயில் மதுரை வருவதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். தெரிந்து என்ன பயன்? இரண்டு வருஷமாகிறது. தங்கை வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டார். அவள் சண்டை போடவில்லை. முகம் கோணாமல் நாற்காலி போடுகிறாள், காப்பி கொடுக்கிறாள். "சாப்டியாண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது "சாப்டீங்களா" என்கிறாள்.