மூன்று முறை கூப்பிட்டும்

நீதிக்குத் தொண்டு செய்தவர் என்று நாட்டின் உயரிய விருது நீதிபதி அனந்தபத்மனுக்குக் கிடைத்தது. பாராட்டு விழா அவர் கோர்ட்டிலேயே நடந்தது. மாலையோடு நின்ற டவாலி மாசிலாமணியிடம் அவர் மிடுக்காகச் சொன்னார்: "என்கிட்ட நியாயம் கிடைச்சவங்க யாரையாவது கூப்பிடுய்யா. அவங்க கையால மாலை போட்டுக்கறேன்."

மாசிலாமணி வாசலுக்குப் போய் வழக்கம்போல மூன்று முறை கூவினார்.

"செங்கமலம்! செங்கமலம்! செங்கமலம்!"

யாரும் வரவில்லை.

"யாருய்யா அது?"

"நில வழக்குக்குப் பத்தொன்பது வருஷம் வாய்தா தவறாம வந்த அம்மாங்க. ஒரே ஒரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. மூணு தடவை கூப்பிட்டும் வரலைன்னு வழக்கைத் தள்ளுபடி பண்ணிட்டீங்க. அந்த வாரமே போய்ச் சேர்ந்துட்டாங்க."



மாசிலாமணி மாலையை மேசைமேல் வைத்தார். "இன்னிக்கும் வரலைங்க. மறுபடியும் தள்ளுபடி பண்ணிடலாங்களா ஐயா?"