நடு ஆற்றில் ஒருத்தி, மணலில் ஒருத்தி

ஓர் ஆற்றுக்கு இரண்டு நாடுகள் இருந்தன. இரண்டும் ஒரே தண்ணீரைத்தான் குடித்தன. வடகரையில் அது குழாயில் வந்தது. தென்கரையில் குடத்தில் வந்தது.

தென்கரையில் பணம் மதிப்பிழந்துகொண்டிருந்த காலம். சம்பள நாளன்று காலையில் கடைக்குப் போனவருக்கு அரிசி கிடைத்தது; மாலையில் போனவருக்கு அதே சம்பளத்தில் உப்புதான் கிடைத்தது. மருத்துவமனைக்கு ஊசியை நோயாளியே கொண்டுபோக வேண்டும். மின்சாரம் வந்தால் அதிர்ஷ்டம். பால்மாவு டப்பாக்கள் கடைகளிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தாயைப் பறிகொடுத்த கைக்குழந்தை அங்கே ஒரு மாதம் தாண்டுவது அபூர்வம்.

வடகரையில் எல்லாம் இருந்தன. பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள். நாளைக்கு ஆலைகளில் நிற்க ஆள் வேண்டுமே என்று அரசு ஒரு சட்டம் போட்டது. எங்கள் மண்ணில் பிறக்கும் பிள்ளை எங்கள் பிள்ளை. பெற்றவள் விரும்பினால் அதனோடு குடியிருக்கலாம். பிள்ளையைத் தனியே விட்டுப் போனாலும் குறையில்லை. புட்டிப்பால் உண்டு, தாதிகள் உண்டு, குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குச் சூடான கண்ணாடிப் பெட்டி உண்டு. மற்றபடி, வளர்ந்த பிறகு வருகிறவர்களை, அவர்கள் வந்த படகிலேயே காவற்படை திருப்பி அனுப்பியது.

ஆகவே தென்கரைப் பெண்கள் வலி கண்டதும் படகேறினார்கள்.

வடிவும் ஏறினாள். கணவன் சாத்தன் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான். படகுக்காரி காத்தாயிக்குத் துடுப்புப் போடவும் தெரியும், பிரசவம் பார்க்கவும் தெரியும். எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்பதற்கு வடகரை ஏற்றுக்கொண்ட சாட்சி அவள் ஒருத்தியின் சத்தியம்தான். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தால் படகு பறிபோகும், சிறையும் உண்டு.

மாதம் நிறையவில்லை. நடு ஆற்றிலேயே ஒருத்தி பிறந்துவிட்டாள். பூனைக்குட்டியைப் போலிருந்தாள். அழத் தெம்பில்லை, உதடு நீலம் பாரித்திருந்தது. காத்தாயி கொடியை அறுத்து, உடம்பைத் துடைத்து, தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். வடிவுக்கு வலி நிற்கவில்லை. வடகரை மணலில் இறங்கிய பிறகு இன்னொருத்தி வந்தாள். இவள் கத்திய கத்தலில் கரையோரத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன.

"வரிசையில நின்னே பழகின ஊரு. பிள்ளைங்களும் வரிசையிலதான் வருதுங்க" என்றாள் காத்தாயி.

காவல் கோபுரத்திலிருந்து ஓர் அதிகாரி இறங்கி வருவது தெரிந்தது.

"ரெண்டும் இங்கதான் பிறந்துச்சுன்னு சொல்லிடேன்க்கா" என்றான் சாத்தன்.

"படகுலயே ஒண்ணு மடியில இருந்ததை மேல இருந்து பாத்திருப்பாங்க தம்பி. ஒண்ணுக்குத்தான் இடம். நடு ஆறு இவங்க மண்ணு இல்ல."

சாத்தன் மனைவி பக்கம் திரும்பினான். "அப்போ கத்துறவளோட நீயும் போ வடிவு. அவதான் இங்க பிறந்தவ. ரெண்டு பேராவது தப்பிச்சுக்குங்க. இந்தச் சின்னதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போய்?"

"அந்தப் பெட்டியில வெச்சாலும் பிழைக்குமான்னு யாருக்குத் தெரியும்? நிச்சயமா இருக்கிறதை விட்டுடாதே."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்."

சாத்தன் ஆற்றைப் பார்த்தான்.

"சின்னதைக் குடுத்துடறேன்" என்றாள் வடிவு. "தனியாப் போகட்டும். கத்துறவளைத் தூக்கிட்டு நான் உங்களோட வர்றேன்."

"அது அவ இடம்டி! பிறந்த உடனே அவ சொத்தைப் பிடுங்குறியே. இந்த ஊரு வெளிச்சம், படிப்பு, முப்பது வயசுல பல்லு கொட்டாத வாழ்க்கை, எல்லாம் அவளுக்கு வந்தது. கேக்க வாயில்லைன்னுதானே?"

"வாய்க்கு என்ன குறைச்சல், ஊரைக் கூட்டுது" என்றாள் காத்தாயி. பிறகு தாழ்ந்த குரலில், "சத்தியம் பண்ணப் போறவ நானு. என்னை மட்டும் ஒருத்தரும் கேக்கல" என்றாள்.

அதிகாரி வந்துவிட்டார். வடிவு துணிப்பொட்டலத்தை நீட்டினாள். "இவதான்யா மணல்ல பிறந்தவ."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். துடைத்துக் காய்ந்த உடம்பு. ஒரு துளி மண் இல்லை. வடிவின் மடியில் கத்திக்கொண்டிருந்தவளின் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது, முதுகெல்லாம் மணல். அவர் அதையும் பார்த்தார்.

"சத்தியமா?" என்று காத்தாயியைக் கேட்டார்.

"ஆத்து மேல சத்தியம்யா."

சாத்தன் வாயைத் திறந்தான். நீலம் பாரித்த அந்த உதட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"தாய்?"

"நான் வரலைங்க" என்றாள் வடிவு.

அதிகாரி பிள்ளையின் காலில் தகடு ஒன்றைக் கட்டினார். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாகக் கோபுரத்தை நோக்கி நடந்தார்.

சாத்தன் உண்மையைச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டான். வடிவு ஒரு மகளின் இடத்தை எடுத்து இன்னொரு மகளுக்குக் கொடுத்தாள். காத்தாயி பொய்ச் சத்தியம் செய்தாள். அதிகாரி தெரிந்தே தகடு கட்டினார். படிக்கிறவர்களே, இவர்களில் யார் செய்தது சரி?

விடை: வடிவு செய்தது சரி. தாயில்லாத பிள்ளை வடகரையில் வளர்ந்துவிடும், தென்கரையில் வளராது. இருவரும் உயிரோடிருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. நோஞ்சான் பிள்ளை பெட்டி இருக்கும் கரைக்குப் போக வேண்டும். தாய், தன்னைத் தவிர வேறு கதியில்லாத மற்றவளோடு தென்கரைக்குத் திரும்ப வேண்டும். மற்ற மூவரும் அவள் குறுக்கே நிற்காமல் விலகிக்கொண்டார்கள். அந்த அளவுக்கு அவர்களும் சரி. ஆனால் 'அவ சொத்தைப் பிடுங்குறியே' என்று சாத்தன் கேட்ட கேள்விக்கு இந்த விடையில் பதில் கிடையாது. அதைக் கேட்கும் உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் அந்நேரம் தென்கரை நோக்கிப் போகும் படகில், குடித்த மட்டும் குடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள்.