பெரிய வியாழன் விடுப்பு

மெல்பர்ன் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் அமலோற்பவம் துப்புரவு வேலை பார்த்தாள். பெரிய வியாழன் அன்று மூன்று மணிக்கு அவளுடைய அக்காவுக்கு அடக்கம். காலையிலேயே முதல்வர் ஹார்லனிடம் போய் அரைநாள் விடுப்புக் கேட்டாள்.

“ஆராதனை முடிந்ததும் மண்டபத்தை யார் துடைப்பது? உன்னைப்போல் முழங்காலிட்டுத் துடைக்க ஒரு ஆளைக் காட்டு, தாராளமாகப் போ” என்றார் அவர். அந்த நேரத்தில் ஆளுக்கு எங்கே போவாள்?

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழன்தோறும் முதல்வர் ஓர் ஊழியரின் பாதம் கழுவுவது அந்தப் பள்ளி வழக்கம். அந்த வருஷம் மேடையில் அமலோற்பவத்தை உட்காரவைத்தார்கள். பெற்றோர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஹார்லன் முழங்காலிட்டு அவள் காலைக் கழுவி, துண்டால் துடைத்து, மைக்கை நீட்டினார்.

“ஏதாவது சொல்லம்மா.”

“நன்றி சார். முழங்காலிட்டுத் துடைக்க ஆளைக் காட்டினால் அக்கா அடக்கத்துக்குப் போகலாம் என்றீர்கள். இதோ, எல்லாரும் பார்க்கிறார்கள். நான் கிளம்பட்டுமா?”

“போ… போய் வாம்மா” என்றார் ஹார்லன், காது சிவக்க.

டிராமில் அவளுக்கே சிரிப்பு வந்தது. இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவள் அக்கா ஒருத்திதான். அவளைத்தான் மூன்று மணிக்குப் புதைக்கப்போகிறார்கள்.