பனிமேகத்தில் வழிநடத்திய கொங்கன்

தெற்கே ஓர் ஏரியில் குளிர்காலத்தைக் கழித்த வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தன. வழியில் பனிமலையைத் தாண்டியாக வேண்டும். மலையடிவாரக் குளத்தில் தங்கியபோது, கூட்டத்தை நடத்திவந்த தலைவனை நரி அடித்துக் கொண்டுபோய்விட்டது.

பனிமேகத்துக்குள் புகுந்து மீண்டவர்தான் முன்னால் பறக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் கட்டுப்பாடு. மிஞ்சியவர்களில் அப்படி மீண்டவள் அல்லி ஒருத்திதான்.

"மலைமேல் மேகம் கவிந்திருக்கிறது. விலகும்வரை காத்திருப்போம்" என்றாள் அவள்.

நரிக்குப் பயந்த கூட்டம் முணுமுணுத்தது.

"ஏரியைச் சுற்றி என்னைவிட அதிகம் பறந்தவர் யார்? இப்போதே கூட்டிப் போகிறேன்" என்றான் கொங்கன்.

"ஏரிக்கு மேலே சிறகில் பனி பிடிக்காது, கொங்கா" என்றாள் அல்லி.

"எங்கே பறந்தாலும் பறப்பதுதானே?"

எல்லாரும் அவன் பின்னால் கிளம்பினார்கள். கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேறு வழியின்றி அல்லியும் சேர்ந்துகொண்டாள்.

மேகத்துக்குள் கண் தெரியவில்லை. கொங்கனின் சிறகு விளிம்பில் ஏதோ சில்லென்று ஒட்டியது. உதறிப் பார்த்தான், போகவில்லை. அது இறுகிக் கனத்தது. கீழே பாறை இருக்குமே என்று பயந்தான். தலையைத் தூக்கி மேலே ஏறப் பார்த்தான். ஏற ஏற வேகம் செத்தது. காற்று சிறகைத் தாங்காமல் நழுவியது.

"அண்ணா, என்னால் முடியவில்லை" என்றான் பின்னால் வந்த தம்பி பூவன். கொங்கன் திரும்புவதற்குள் பூவன் அங்கே இல்லை. கீழே எங்கோ ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"தலையைத் தாழ்த்து! கீழே இறங்கு!" என்று அல்லி கத்தினாள்.

"கீழே பாறை..."

"இடப்பக்கம் பள்ளத்தாக்கு. முன்பே நான் அதில் இறங்கியிருக்கிறேன். என் குரலோடு வா."

தலையைத் தாழ்த்துவது சாவுக்குள் தானே குதிப்பதுபோல் இருந்தது. ஆனாலும் தாழ்த்தினான். வேகம் திரும்பியது. காற்று சிறகைத் தாங்கியது. பள்ளத்தாக்கின் வெதுவெதுப்பில் பனி துண்டு துண்டாக உதிர்ந்தது.

கூட்டம் ஆற்றோரம் இறங்கியதும் பூவனின் பெட்டை கொங்கனிடம் வந்தாள். "அவர் எங்கே?" என்றாள். கொங்கன் தான் வந்த மேகத்தை அண்ணாந்து பார்த்தான்.

வானம் தெளிந்த பிறகு அல்லி முன்னால் பறந்தாள். கொங்கன் அவளுக்குப் பின்னால், தம்பி விட்டுப்போன இடத்தில் பறந்தான்.

தெளிந்த வானில் எவ்வளவு பறந்திருந்தாலும், ஆபத்தைக் கடந்த பட்டறிவு இல்லாதவனிடம் பிறர் உயிரை ஒப்படைக்கலாகாது.