புளியமரத்துச் சபையின் மழை அறிவிப்பு

ஓர் ஏரிக்கரையின் அடியில் செவந்தி என்ற வயல் எலி வளை தோண்டி வாழ்ந்தது. வளைக்குள் ஆறு குட்டிகள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை.

மூன்று நாள் கொட்டிய மழை ஓய்ந்து, கிழக்கே மறுபடியும் கறுத்தது. கரைக்குள்ளேயே குடியிருந்த நண்டு ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் நின்று கத்தியது.

"கரை உள்ளே களியாப் போச்சு! இந்த மழைக்கு உடையும் போலிருக்கு! கீழே இருக்கிற வளையெல்லாம் முங்கிடும்! ஊருக்குச் சொல்லுங்க!"

அந்த ஊரில் எதையும் சபை கூடித் திருத்திய பிறகுதான் அறிவிப்பார்கள். சபை என்றால் மயில், கொக்கு, குரங்கு. மூவருக்கும் வீடு மரத்தின் மேல்.

"'உடையும்' வேண்டாம். 'கசியலாம்' என்று போடுவோம்" என்றது கொக்கு.

"'முங்கும்' என்றால் பயந்துவிடுவார்கள். 'ஈரம்' போதுமே!" என்றது குரங்கு.

"இடத்தைச் சொன்னால் நாளைக்கு நம் கழுத்தைப் பிடிப்பார்கள்" என்றது மயில். அதற்குக் கழுத்து கொஞ்சம் நீளம்.

பிறகு தோகையை விரித்து முழங்கியது: "சில இடங்களில், சில வேளைகளில், கரை கசிந்து சிறிது ஈரம் ஏற்படலாம்! அனைவரும் விழிப்புடன் இருக்கவும்!"

கீழே நின்று கேட்ட வளைக்காரர்கள் எல்லோரும் வாலை ஆட்டிப் பாராட்டிவிட்டு, வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

செவந்திக்கு மட்டும் உறுத்தியது. மயிலை அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "சில இடம்னா எந்த இடம், ஐயா?"

"சில இடம் என்றால் சில இடம்தான்!"

"என் வளையும் அதில் சேருமா?"

"தனி எலிகளின் கேள்விகளுக்குச் சபை பதில் சொல்வதில்லை!"

எலி நேரே நண்டிடம் ஓடியது. "நண்டண்ணே, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. என் வீட்டுக்குத் தண்ணி வருமா?"

"கரை உடைஞ்சா உன் வாசலுக்கு மேலே மூணு முழம் நிக்கும். பொழுது சாயறதுக்குள்ளே."

"உடையுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன், தாயி. இப்படிப் பத்துத் தடவை களியானா, ஏழு தடவை உடையும். நீ ஓடி, நான் சொன்னது தப்பாப் போனா உனக்குக் கால் வலி. ஓடாம இருந்து, சரியாப் போனா உனக்குப் பிள்ளைங்க இல்லை."

செவந்தி வளைக்குப் பாய்ந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கல்மேட்டுக்கு ஓடியது. போகும்போது வாய் நிறையக் குட்டி. திரும்பும்போது அந்த வாய் சும்மா இருக்கவில்லை. வளை வளையாகத் தலையை நுழைத்துக் கத்தியது.

"கரை உடைஞ்சா உன் வாசலுக்கு மேலே மூணு முழம் தண்ணி! பொழுது சாயறதுக்குள்ளே!"

பெருச்சாளி கொட்டாவி விட்டது. "சிறிது ஈரம்னுதானே சொன்னாங்க?"

"உங்க உயரத்துக்கு மூணு முழம் சிறிசா, மாமா?"

பெருச்சாளி குனிந்து தன் காலின் நீளத்தைப் பார்த்தது. அடுத்த நொடி குடும்பத்தோடு மேட்டை நோக்கி ஓடியது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறாவது குட்டியை மேட்டில் இறக்கிவிட்டுச் செவந்தி மூச்சு வாங்கும்போது கரை உடைந்தது. வளைகள் இருந்த இடமெல்லாம் செந்தண்ணீர் சுழன்றது. மேட்டில் எல்லோரும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் மயில் தோகை விரித்தது. "சபையின் தக்க எச்சரிக்கையால் உயிர்ச்சேதம் இல்லை!"

"இங்கே ஒண்ணும் கேட்கலை, ஐயா!" என்று கத்தியது செவந்தி. "கீழே இறங்கி வந்து சொல்லுங்க!"

மேடு முழுவதும் சிரித்தது. மயில் இறங்கவில்லை. கீழே தண்ணீர் இன்னும் வடிந்திருக்கவில்லை.

ஆபத்தை அறிவிக்கிறவர், அது யார் வாசலுக்கு எவ்வளவு வரும் என்பதையும், தமக்கு உறுதியாகத் தெரியாதது எது என்பதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும்.